கெட்டிஸ்பர்க் திடலும் இன்டிபென்டன்ஸ் ஹாலும்: இடுப்புத் துப்பாக்கிக்கு எங்கே இடம்?

உரிமம் வாங்கிய ஒருவர் சட்டைக்கு அடியில் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு அமெரிக்க வரலாற்றுத் தலங்களுக்குப் போகலாமா? பென்சில்வேனியா என்ற ஒரே மாநிலத்துக்குள்ளேயே இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டு இடங்களையும் நிர்வகிப்பது தேசியப் பூங்காத் துறைதான்.

முதலில் கெட்டிஸ்பர்க். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை இங்கே நடந்த சண்டையில் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாருமாகச் சுமார் 51,000 பேர். இன்று அது வயலும் குன்றும் கல்தூண்களுமாக விரிந்து கிடக்கும் திறந்த நிலம். ஊர்ச் சாலைகள் அதன் ஊடாகவே ஓடுகின்றன. நின்று சோதிக்க ஒரு வாசல் கிடையாது. முன்பெல்லாம் இங்கே துப்பாக்கி கொண்டுவந்தால் குண்டைக் கழற்றி, கைக்கெட்டாதபடி கட்டி வைத்திருக்க வேண்டும். 2009-இல் கிரெடிட் கார்டு சட்டம் ஒன்றோடு சேர்த்து நிறைவேற்றிய திருத்தம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 22 முதல், பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டமே அங்கும் செல்லும். ஆக, பென்சில்வேனியா ஏற்கும் உரிமம் உள்ளவர் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் நிற்கலாம்.

பார்வையாளர் மையத்துக்குள் மட்டும் கொண்டுபோக முடியாது. கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் வேலை பார்க்கும் கட்டடங்களில் துப்பாக்கிக்குத் தடை. அது தனிச் சட்டம். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இந்தக் கதவுதான். குடும்பத்தோடு வந்தவர் அறிவிப்பைப் படிக்கிறார். பிள்ளைகளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்புகிறார். குனிந்து, இடுப்பிலிருந்து எடுத்து, முன்சீட்டுக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில் வைத்து மூடுகிறார். அடுத்த இரண்டு மணி நேரம் அந்தத் துப்பாக்கிக்குக் காவல் ஒரு கார் கண்ணாடி மட்டும். அமெரிக்காவில் துப்பாக்கிகள் திருட்டுப் போகும் முக்கிய வழிகளில் ஒன்று நிறுத்தி வைத்த கார் என்பது எல்லாருக்கும் தெரியும். தடை போட்ட அதே வாசலில் பூட்டுப்பெட்டி வைத்துக் கொடுப்பதுதான் முறை.

பிலடெல்பியாவின் இன்டிபென்டன்ஸ் ஹாலில் இந்தக் குழப்பமே இல்லை. 1776-இல் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றதும் 1787-இல் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டதும் அங்கேதான். உள்ளே போகிற ஒவ்வொருவரும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும். ஆயுதம் கூடாது, உரிமம் இருந்தாலும் கூடாது. பக்கத்தில் இருக்கும், அமெரிக்க விடுதலையின் சின்னமான லிபர்ட்டி மணிக்கும் அதே விதி. துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தவருக்கு, பக்கத்தில் நிற்பவரிடமும் அது இல்லை என்ற உறுதி கிடைக்கிறது. வெறும் அறிவிப்புப் பலகை இந்த உறுதியைத் தராது.

துப்பாக்கி ஆதரவாளர்கள், 'பலகையைப் படித்துக் கட்டுப்படுபவன் குற்றவாளி இல்லையே' என்று கேட்பது நியாயமான கேள்வி. வாஷிங்டனில் ஃபோர்டு நாடக அரங்கின் அருங்காட்சியகத்தில் டெரிஞ்சர் என்ற குட்டிக் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரே ஒரு குண்டு. 1865 ஏப்ரல் 14 இரவு அதே அரங்கில் அதிபர் லிங்கனைச் சுட்டது அதுதான். அந்த அளவுள்ள ஒன்றை எந்தப் பலகையும் தடுக்காது, சோதனைதான் தடுக்கும். அதனால் நான்கு சுவருக்குள் கூட்டம் கூடுகிற இடமென்றால் என் ஓட்டு இன்டிபென்டன்ஸ் ஹால் முறைக்கே.

திறந்த போர்க்களத்துக்கு அதைப் பொருத்த முடியாது. மாலை மங்கும் நேரத்தில் ஆளில்லாத பாதையில் தனியே நடக்கும் ஒரு பெண், பூங்காக் காவலரான ரேஞ்சர் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகுமோ என்று நினைப்பதில் தப்பில்லை. அங்கே மாநிலச் சட்டத்துக்கு விட்டது சரியே. ஆனால் உரிமத்தோடு பழக்கமும் வேண்டும். 2017 ஜூலை 1 அன்று கெட்டிஸ்பர்க்கில் ஓர் இளைஞரின் ரிவால்வர் தவறுதலாக வெடித்து அவர் காலிலேயே குண்டு பாய்ந்தது.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதுதான் பயணிக்கு உண்மையான தொல்லை. வர்ஜீனியாவின் மனாசஸ், மேரிலாந்தின் ஆன்டீட்டம், பிறகு கெட்டிஸ்பர்க் என்று உள்நாட்டுப் போர்க்களங்களை ஒரே பயணத்தில் பார்ப்பவர்கள் நிறைய. மூன்றிலும் ஒரே துறை, ஒரே தொப்பி போட்ட ரேஞ்சர்கள். வர்ஜீனியா 2016 ஜூலையில் மற்ற மாநில உரிமங்களைத் தாராளமாக ஏற்கத் தொடங்கியது. மேரிலாந்து எந்த வெளிமாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. காலையில் சட்டப்படி நடந்தவர், போட்டோமாக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் குற்றவாளி ஆகிவிடலாம். குண்டைக் கழற்றி, பூட்டிய டிக்கியில் வைத்துக் கடப்பதற்கு 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வழி விடுகிறது. அந்த வேலையைப் பாலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நியூயார்க் இன்னொரு கோடி. 2022-இல் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் அதன் பழைய உரிம முறையைத் தள்ளியதும், மாநிலம் பூங்காக்கள், அருங்காட்சியகங்கள் என்று நீண்ட தடைப் பட்டியல் போட்டது. அவசரத்தில் எழுதிய சட்டம் என்பதால் மாட்டிக்கொண்டவர்கள் வேறு ஆட்கள்: பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுவினர். குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் கெட்டித்துப் புகையும் சத்தமும் காட்டும் மஸ்கட்டு என்ற பழங்கால நீளத் துப்பாக்கிகூடக் குற்றமாகிவிடுமோ என்று பயந்து சில நிகழ்ச்சிகளை ரத்து செய்தார்கள். அவர்களுக்கு விலக்கு உண்டென்று சட்டத்திலேயே எழுதிச் சேர்க்க 2023 ஆகிவிட்டது.