தண்ணீர் முத்து முத்தாக நின்றால் கோட்டிங் ஆகிவிடாது

மழைக்காலம் நெருங்கினாலே வாட்டர் வாஷ் கடைகளில் 'விண்ட்ஷீல்டு கோட்டிங்' வியாபாரம் சூடு பிடித்துவிடும். மழைத்துளி ஒட்டாமல் உருண்டு ஓட, முன்கண்ணாடியில் பூசும் மருந்துதான் இது. அப்படி ஏமாந்து வந்த ஒரு கார்: பில் 1,800 ரூபாய், வேலை நடந்தது கால் மணி நேரம். முடித்ததும் கண்ணாடியில் தண்ணீர் அடித்துக் காட்டியிருக்கிறார்கள். துளிகள் உருண்டு ஓடியதும் ஓனர் காசைக் கொடுத்துவிட்டார். முதல் மழையிலேயே வைப்பர் தடதடவென்று குதித்தது. இரவில் எதிர்வண்டி விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் தெளித்த மாதிரி மங்கல்.

அந்தத் தண்ணீர் வித்தையை நம்பாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவினாலும் துளி உருளும், டேஷ்போர்டு பாலிஷ் தடவினாலும் உருளும். இந்த காரில் விரலை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு கோடு விழுந்தது. சரியாகப் போட்ட கோட்டிங் காய்ந்தபின் விரலில் ஒட்டாது, கோடும் விழாது.

பார்க்க வேண்டிய சோதனை, மருந்து பூசுவதற்கு முன்னால். மருந்து கண்ணாடியோடு நேரடியாகப் பிணைய வேண்டும். நடுவே புகைப்படலமோ பழைய வேக்ஸோ இருந்தால் அதன் மேல்தான் ஒட்டும், அதோடு சேர்ந்தே போகும். ஷாம்பு கழுவல் மட்டும் போதாது. கிளே பார் (ஒட்டிய அழுக்கை உருவி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு, பிறகு கண்ணாடி பாலிஷான சீரியம் ஆக்ஸைடு பேஸ்ட்டை ஈரம் காயாமல் தேய்க்க வேண்டும். கழுவியபின் தண்ணீர் ஊற்றினால் ஒரே படலமாகப் பரவ வேண்டும். எங்காவது விலகி வட்டம் கட்டினால் அங்கே பிசுக்கு இன்னும் இருக்கிறது, திரும்பத் தேயுங்கள். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைக்க வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும். கால் மணியில் முடித்தார்கள் என்றால் இதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பூசுவது சின்ன வேலை. நிழலில், கண்ணாடி சூடில்லாமல் இருக்கும்போது, பாதிப் பாதியாக. 10 மி.லி.கூட ஆகாது. லேசாக வெளுத்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். விட்டுப்போன திட்டுகளில்தான் வைப்பர் குதிக்கும். உள்பக்கம் பூசக் கூடாது.

'பெயின்ட் செராமிக்கையே (கார் பெயின்ட்டுக்குப் பூசும் கோட்டிங்) கண்ணாடிக்கும் போட்டுத் தருகிறோம், இரண்டு வருஷம் வாரன்டி' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைப்பர் ஓடும் இடம்தான் முதலில் தேயும். கண்ணாடி மருந்திலேயே சாதாரண சிலிகான் வகை சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரைதான் தாங்கும். ஃபுளூரின் வகை அதைவிடக் கூடுதல். இன்னொன்று, காற்று துளியைத் தள்ள சுமார் 60 கி.மீ. வேகமாவது வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் ஊரும் டவுன் ஓட்டத்துக்கு நல்ல வைப்பர் பிளேடே போதும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மேலே பூசி மறைக்காமல், சீரியம் போட்டு மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள். பிளேடு ரப்பரையும் ஆல்கஹால் துணியால் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். பழைய எண்ணெய் அதிலிருந்துதான் திரும்பக் கண்ணாடிக்கு ஏறும். பில்லில் மருந்தின் பெயர் இல்லாமல் வெறும் 'கிளாஸ் டிரீட்மென்ட்' என்று இருந்தால் பெயரை எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.