பயர்பாக்ஸின் பெட்டிப் படம்: மார்ஜினையும் பேடிங்கையும் பிடிக்க

"கம்ப்யூட்டரில் சரியாக இருக்கு, போனில் பக்கம் வலது பக்கம் இழுபடுது." மட்டக்களப்பில் கடைகளுக்கு இணையப்பக்கம் செய்து கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. காரணம் தேடக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பயர்பாக்ஸ் உலாவியில் எஃப்12 அழுத்தி, பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் ஒரு உறுப்பைத் தெரிந்து, லேஅவுட் பகுதியைத் திறந்தால் பெட்டிப் படம் (பாக்ஸ் மாடல்) வரும். அந்த உறுப்பின் அளவும், அதற்குள்ளே விடும் இடமும் (பேடிங்), வெளியே விடும் இடமும் (மார்ஜின்) அதில் எண்ணாக இருக்கும்.

மருதமுனைச் சாரன் விற்கும் ஒரு பக்கத்தை எடுப்போம். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்திப் போன் அளவில் பார்க்கும் நிலைக்குப் போய், அகலத்தை 360 பிக்சல் ஆக்குங்கள். ஒவ்வொரு சாரனையும் காட்டும் பெட்டியான அட்டைக்கு அகலம் 100%, இரு பக்கமும் பேடிங் 16 பிக்சல் என்றால் பெட்டி 392 ஆகிவிடும். அந்த 32 பிக்சல்தான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அகலத்தில் பேடிங்கும் சேருமா இல்லையா என்று தீர்மானிக்கும் பாக்ஸ்-சைசிங் என்ன என்பது படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கும். அதை பார்டர்-பாக்ஸ் ஆக்கினால் பேடிங் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

படத்திலுள்ள எண்ணைக் கிளிக் செய்தே மாற்றலாம். மேல், கீழ் அம்புக்குறி ஒவ்வொன்றாகவும், ஷிஃப்டோடு பத்துப் பத்தாகவும் நகர்த்தும். கண்ணால் அளவு பார்க்க இதைவிட வசதி வேறில்லை. ஆனால் அந்த மாற்றம் தொட்ட அட்டையின் இன்லைன் ஸ்டைலில், அதாவது அந்த ஒன்றுக்கு மட்டுமான அமைப்பில் ஏறும். பக்கத்துச் சாரன் அசையாது. எல்லா அட்டையும் மாற வேண்டுமென்றால் ரூல்ஸ் பகுதியில் எல்லா அட்டைக்கும் பொதுவான கிளாஸைத் திருத்துங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. மேல் பந்தியின் கீழ் மார்ஜின் 24, கீழ்ப் பந்தியின் மேல் மார்ஜின் 32 என்றால் நடுவில் 56 வராது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து 32 மட்டுமே நிற்கும். படமோ இரண்டையும் தனித்தனியாகவே காட்டும், மடிந்ததென்று சொல்லாது. புதிதாகப் பழகுபவர்கள் இதில்தான் எண்ணைக் கூட்டிக் கூட்டிக் களைத்துப் போகிறார்கள். பந்திகளைச் சுற்றியுள்ள தாய்ப் பெட்டியை மேலிருந்து கீழாக அடுக்கும் ஃபிளெக்ஸ் ஆக்கி, பந்திகளின் மார்ஜினை எடுத்துவிட்டு, கேப் (இடைவெளி) கொடுத்தால் இந்தத் தலையிடி இல்லை.

தமிழ் வரிகள் நெருக்கியடித்தால் மார்ஜினைத் தொடாதீர்கள். மேல்வரியின் 'ழு' வாலும் கீழ்வரியின் 'தீ' மேல்சுழியும் முட்டுவது லைன்-ஹைட் (வரி உயரம்) போதாமல்தான், 1.6க்கு மேல் வைத்துப் பாருங்கள்.

பக்கத்தைப் புதுப்பித்தால் செய்த திருத்தமெல்லாம் போய்விடும். அதற்கு முன், திருத்தங்கள் பதிவாகும் சேஞ்சஸ் பகுதியில் இருந்து கொப்பி எடுத்து உங்கள் கோப்பில் ஒட்டிவிடுங்கள். கோப்பு உங்கள் கணினியிலேயே இருந்தால், டேட்டா முடிந்த நாளிலும் இந்த வேலை நடக்கும்.