குருசடையா, காரங்காடா? காற்றைக் கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள்

இராமநாதபுரம் கடற்கரையில் கடலைக் கெடுக்காமல் கடலைப் பார்க்க, வனத்துறை வழியாக நடக்கும் இரண்டு படகுச் சவாரிகளைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஒன்று, பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவு. மற்றது, தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டின் அலையாத்திக் காடு. ஆனால் இரண்டும் ஒரே பருவத்தில் நன்றாக இருக்காது.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும். அப்போது மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிக்கும், பாக் விரிகுடாவான வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை பிடித்துவிட்டால் வடகடலுக்குக் கோபம் வரும். இது தெரியாமல் ஜூலையில் குருசடைக்கு வந்து, கலங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பணம் வீண் என்று திரும்புகிறவர்கள் பலர். குருசடைக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். கச்சான் மாதங்களில் காரங்காட்டுக்குப் போங்கள். எதுவானாலும் காலைப் படகே மேல், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

குருசடை, 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. அந்தமான் போலக் கண்ணாடித் தண்ணீரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆழம் குறைவு, அடியில் வண்டல், சிறு அலைக்கே கலங்கும். ஆனால் பார்க்கத் தெரிந்தால் இங்கே கற்றுக்கொள்ள நிறைய உண்டு. உயிருள்ள பவளம் பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது அழகு அல்ல. கடல் சூடேறும்போது பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது, பவளம் வெளிறுகிறது. 2010லும் 2016லும் இந்த வளைகுடா பெரிய அளவில் வெளிறியது. வெளிறியது செத்ததல்ல, சூடு சீக்கிரம் தணிந்தால் மீளலாம். மேலே பாசி படர்ந்து சாம்பல் பூத்திருந்தால்தான் செத்தது. வழிகாட்டியிடம் இந்த வேறுபாட்டைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தெரிந்தவர் கிடைத்தால் சவாரிக்கே தனி மதிப்பு. கப்பாபைகஸ் பற்றியும் கேளுங்கள். வளர்ப்புக்கென்று கொண்டுவந்த அந்தப் பாசி 2008இல் இத்தீவின் பவளத்தில் ஏறியிருப்பது தெரியவந்தது. மான்கொம்புப் பவளத்தைப் போர்வை போல மூடி வெளிச்சத்தை மறைக்கும். கையால் பிய்த்தால் மிச்சமிருக்கும் துணுக்கிலிருந்து திரும்ப முளைக்கும்.

அனுமதியில்லாமல் தீவுகளில் இறங்குவது குற்றம். “தீவுல இறக்கி விடுறேன்” என்று கரையில் யாராவது தனியாக அழைத்தால் போகாதீர்கள்.

முகமூடி போட்டு நீரில் மிதந்து பார்க்க வடகடல் பக்கம் வசதி. மண்டபம் முனைக்காடு தொடங்கிக் கரையை ஒட்டியே பவளப் பார் ஓடுகிறது, பெரும்பாலும் ஆளுயரத் தண்ணீர்தான். இங்கே தனியார் சேவைகளும் உண்டு, அவற்றில் தரம் ஒன்றுபோல இல்லை. படகுக்காரர் நங்கூரத்தை எங்கே போடுகிறார் என்று பாருங்கள். மணலில் போட்டாலோ மிதவையில் கட்டினாலோ ஏறலாம். பாரின் மேல் எறிந்தால் கட்டணம் எவ்வளவு குறைவானாலும் வேண்டாம், ஒரு முறை இழுபட்டால் பல வருட வளர்ச்சி நொறுங்கும். முகமூடியை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள், ஒட்டிக்கொண்டால் அளவு சரி. மீசையும் ஓரத்தில் சிக்கிய முடியும்தான் தண்ணீர் கசியக் காரணம். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள், அது கால் கீழே போகாமல் காக்கும். புதியவர்களுக்குத் துடுப்புச் செருப்பு வேண்டாம். அது கிளப்பும் வண்டல் பவளத்தின் மேல் படிந்து மூச்சை அடைக்கும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது, சில களிம்புகளின் ரசாயனம் பவளத்துக்கு ஆகாது.

காரங்காட்டில் பவளத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே அலையாத்திக்கு நடுவே ஓடும் கால்வாயும் பறவைகளும்தான். வனத்துறையோடு ஊர்மக்கள் சேர்ந்து நடத்துவதால் பணம் ஊருக்குள் தங்குகிறது, இந்தக் கரையில் எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஊர்ப் பெண்கள் சமைக்கும் மீன், நண்டு வகைகள் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனபிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். துடுப்புப் படகு எடுப்பவர்கள் நீர் ஏறும் நேரத்தைக் கேட்டு இறங்குங்கள். வற்றும்போது போனால் சேற்றில் தட்டி நிற்கும், இறங்கித் தள்ளினால் மண்ணுக்கு மேல் நீட்டியிருக்கும் மூச்சுவேர்கள் மிதிபடும்.

இராமேஸ்வரத்தில் எங்காவது பவளத் துண்டையோ கடல்குதிரையையோ நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டுமே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே இந்த வளைகுடாவில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின.

கிளம்பும் நாள் காலையில் படகு நடத்துபவர்களை ஒரு முறை அழைத்து, காற்று எப்படி, படகு ஓடுமா என்று கேட்டுவிடுங்கள். வானிலை எச்சரிக்கை இருந்தால் படகு எடுக்கமாட்டார்கள், அதற்காக அவர்களோடு வாதாட வேண்டாம்.