பைபரியா, ஈமா?

இங்கிலாந்தில் பழைய மலைக்கிராமம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் கைகாட்டுவது காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளில் உள்ள பைபரியைத்தான். என் ஓட்டு, வடக்கே டார்பிஷயரின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் இருக்கும் ஈம் கிராமத்துக்கு.

அழகில் பைபரியை அசைக்க முடியாது. தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள் ஒட்டிநிற்கும் ஆர்லிங்டன் ரோ, 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பானது. எதிரே உள்ள புல்வெளியில்தான் நெய்த துணியைக் காயப்போட்டார்கள். இங்கிலாந்திலேயே மிக அழகான கிராமம் என்று 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இதைப் புகழ்ந்தார். சரி, பிறகு? வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். உள்ளே போக முடியாது. படம் எடுத்து, கோல்ன் ஆற்றில் ட்ரவுட் மீன்களை எட்டிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் ஊர் தீர்ந்துவிடும். சுற்றுலாக் கூட்டம் வேறு.

ஈம் அப்படியல்ல. 1665-இல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு வந்த துணிமூட்டையோடு பிளேக் நுழைந்ததாகச் சொல்கிறார்கள். மறு ஆண்டு அது மூர்க்கமானபோது, பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன் அங்கே பணியாற்றிய தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து, நோய் வெளியே பரவாதபடி ஊரார் எல்லை தாண்டாமல் இருக்கச் சம்மதிக்க வைத்தார்கள். காசு வழியே நோய் தொற்றாதிருக்க, எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போடுவார்கள். வெளியூரார் எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள். வயல்வழியே நடந்தால் அந்தக் கல்லை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே ரைலி கல்லறைகள்: எலிசபெத் ஹான்காக் எட்டு நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்த இடம். இறந்தவர்கள் மொத்தம் 260 பேர் அளவில் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அவர்களில் ஒருவர். தேவாலய வளாகத்தில், சாக்சன் காலச் சிலுவையருகே புதைக்கப்பட்டிருக்கிறார். கொரோனா ஊரடங்கைப் பார்த்த தலைமுறைக்கு இந்த ஊரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போக்குவரத்திலும் ஈம்தான் பரவாயில்லை: ஷெஃபீல்டிலிருந்து பஸ் இருக்கிறது. பைபரிக்குக் கார் இல்லாமல் போவது பெரும்பாடு. ஆனால் ஈமின் கல்லறைகளுக்கும் எல்லைக்கல்லுக்கும் மேடுபள்ளத்தில் நடக்க வேண்டும், மழை பெய்தால் சேறு. முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் பைபரியையே வைத்துக்கொள்ளலாம். சுற்றுலாக் கூட்டம் வருமுன், விடிகாலையில் போய்விட வேண்டும்.