பேஸ்புக்கா, டிக்டொக்கா, இன்ஸ்டகிராமா, வட்ஸ்அப்பா? கொழும்பில் சிறு வியாபாரத்துக்கு எது கைகொடுக்கும்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் மிளகாய்த்தூள் செய்து விற்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து முறையில் வறுத்து, அரைத்து, பொதி செய்து, பெயரும் ஒட்டியாகிவிட்டது. அதே மாடியில் இருப்பவர்களும் கோயிலில் காண்பவர்களும் வாங்குகிறார்கள். அதற்கு அப்பால் போக வேண்டும். கையில் இருப்பது ஒரு போன், மாதாமாதம் ஒதுக்கக்கூடிய கொஞ்சக் காசு, இரவுச் சமையல் முடிந்தபிறகு ஒரு மணி நேரம். இந்த மூன்றையும் எங்கே போடுவது?

ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தம்பி பேஸ்புக் பேஜ் திறக்கச் சொல்வான், மகள் இன்ஸ்டகிராம் என்பாள், பக்கத்து வீட்டுக்காரர் டிக்டொக்கில் ஓடிய ஏதோவொரு வீடியோவைக் காட்டுவார். கடைசியில் எல்லாவற்றையும் திறந்து, எதிலும் நாலைந்து பதிவுக்கு மேல் போடாமல் விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. என் கருத்து இதுதான்: ஆட்களைக் கூட்டிவர ஓர் இடம், விற்க வட்ஸ்அப். தொடங்குவதற்கு இந்த இரண்டும் போதும். அந்த ஓர் இடம் எது என்பதை உங்கள் வயதையோ ரசனையையோ வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பொருள் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பாருங்கள்.

டிக்டொக்கும் பேஸ்புக்கும்

மிளகாய்த்தூள் எவ்வளவு தூரமும் போகும். நன்றாக மூடிக் கட்டினால் கூரியரில் மட்டக்களப்புக்கும் போகும், ஊருக்கு வந்து திரும்பும் சொந்தக்காரரின் பெட்டியில் டொரொன்டோவுக்கும் போகும். இப்படிப்பட்ட பொருளுக்கு டிக்டொக் நல்ல இடம். அங்கே உங்களைப் பின்தொடர்பவர்கள் யாருமே இல்லாவிட்டாலும் வீடியோவை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் பலருக்குப் போகிறது, தள்ளிவிட்டால் அதோடு நின்றுவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நியாயமான வாய்ப்பு வேறு எங்கும் கிடைப்பதில்லை.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழில் தேடினால் கிடைக்கும் வழிகாட்டி வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை. இந்திய அரசு 2020 ஜூன் 29ஆம் திகதி டிக்டொக்கைத் தடை செய்தது. அதனால் அந்த வீடியோக்களில் டிக்டொக் என்ற பேச்சே வராது. இன்ஸ்டகிராமின் ரீல்ஸ், யூடியூப்பின் ஷோர்ட்ஸ் என்ற குறு வீடியோக்கள் என்றுதான் போகும். அவர்கள் ஊருக்கு அது சரி. இலங்கையில் டிக்டொக் இயங்குகிறது, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் போனை எட்டிப் பார்த்தாலே தெரியும். அந்த ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் கையில் இருக்கும் ஒரு பெரிய கதவை நாமே மூடிவிடுகிறோம்.

என்ன போடுவது? பொதியின் படத்தையும் விலையையும் போட்டால் யாரும் நிற்க மாட்டார்கள். செத்தல் மிளகாய் சட்டியில் நிறம் மாறுவது, மல்லி வெடிக்கும் சத்தம், கறிவேப்பிலை மொறுமொறுப்பாகிக் கையில் நொறுங்குவது, அரைத்த தூளை அரிதட்டில் போட்டுத் தட்டும்போது விழும் அந்தச் சிவப்பு. இதையெல்லாம் முகம் காட்டாமல், கையை மட்டும் காட்டி எடுக்கலாம். சத்தத்தை வெட்டிவிட்டுப் பாட்டுப் போடுவதை நான் விரும்புவதில்லை. வறுக்கும் சத்தம்தான் அந்த வீடியோவின் உயிர். அதோடு, வியாபாரக் கணக்காக மாற்றிவிட்டால் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, வியாபாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட இசைத் தொகுப்புக்குள் மட்டும்தான் எடுக்க முடியும். வறுக்கும் சத்தத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. சிங்களம் பேசுபவருக்கும் அது விளங்கும். யாழ்ப்பாணத்துத் தூளைத் தேடி வாங்கும் சிங்களக் குடும்பங்கள் கொழும்பில் நிறைய இருக்கின்றன, அவர்களுக்காகத் திரையில் பொருளின் பெயரையும் தொடர்பு எண்ணையும் மூன்று மொழியிலும் போட்டுவிட்டால் போதும்.

டிக்டொக்கின் குறையும் அங்கேதான் இருக்கிறது. வீடியோ யார் கண்ணில் படும் என்பது உங்கள் கையில் இல்லை. கட்டார் நாட்டில் வேலை செய்யும் ஒருவர் பார்த்து நெஞ்சு நிறைந்து கமென்ட் போடுவார், வாங்க மாட்டார். தூள் விற்பவர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மதியச் சாப்பாட்டுப் பார்சல் விற்பவர், பிறந்தநாள் கேக் செய்பவர், வீட்டில் டியூஷன் வகுப்பு நடத்துபவர், சலூன் வைத்திருப்பவர் ஆகியோரின் பொருள் ஊரைத் தாண்டாது. கொட்டாஞ்சேனையில் கேக் செய்பவருக்கு மன்னாரில் இருந்து ஆயிரம் லைக் வந்து என்ன பயன்?

அவர்களுக்குத்தான் பேஸ்புக். பழசாகிவிட்டது, இளசுகள் யாரும் அங்கே இல்லை என்று சொல்லித் தள்ளுகிறார்கள். சரி, இளசுகள் குறைவுதான். ஆனால் வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்கள், பிள்ளைக்கு டியூஷன் தேடுகிறவர்கள், அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் ஓடர் கொடுக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்தபடி பம்பலப்பிட்டியில் இருக்கும் பெற்றோருக்குப் பலகாரம் அனுப்ப நினைக்கும் மகளும் பேஸ்புக்கில்தான் தேடுகிறாள்.

பேஸ்புக்கில் சும்மா போடும் பதிவை நம்பக்கூடாது. 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினர் போடுபவற்றுக்கே முன்னிடம் கொடுக்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பிறகு பேஜ் வைத்திருப்பவரின் பதிவு, பேஜை லைக் பண்ணியவர்களுக்கே சரியாகப் போய்ச் சேருவதில்லை. ஆகவே அங்கே காசு போட வேண்டும், போடுவதைத் தெரிந்து போட வேண்டும். பதிவுக்குக் கீழே இருக்கும், காசு கட்டிப் பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் பொத்தானை அவசரத்தில் அமத்தி, முழு இலங்கைக்கும் விளம்பரத்தை அள்ளித் தெளிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. விளம்பர முகாமைப் பக்கத்துக்குள் (Ads Manager) போனால் வரைபடத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி செய்யலாம். அதே காசு, ஓட்டோவில் வந்து கேக்கை எடுத்துப் போகக்கூடியவர்களுக்கு மட்டும் செலவாகும். கொழும்புத் தமிழர் பலர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே மொழி என்ற இடத்தில் தமிழை மட்டும் தெரிவு செய்து அவர்களைத் தவறவிட வேண்டாம். இடத்தை இறுக்குங்கள், மொழியைத் திறந்து விடுங்கள்.

'பகிருங்கள், மூன்று நண்பர்களை டாக் பண்ணுங்கள், பரிசு வெல்லுங்கள்' என்ற போட்டிகளையும் விட்டுவிடலாம். சொந்தப் பக்கத்தில் பகிரச் செய்து, நண்பர்களை டாக் பண்ணச் செய்து போட்டி நடத்துவது பேஸ்புக் விதிகளுக்கே முரண். அப்படி வருகிறவர்கள் பரிசுக்கு வருகிறவர்கள், மறுநாள் வாங்க வருவதில்லை.

இன்ஸ்டகிராம் யாருக்கு

கண்ணால் பார்த்து மயங்கி வாங்கும் பொருளுக்கு. மணப்பெண் அலங்காரம், மெஹந்தி, ஆரி வேலை செய்த சாறி பிளவுஸ், அலங்காரக் கேக். இவற்றை வாங்குகிறவர் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில்லை. பக்கத்துக்குள் போய், கீழே இழுத்து இழுத்து, முன்பு செய்த வேலை எல்லாவற்றையும் பார்க்கிறார். தன் நிறத்துக்கு ஒத்த ஒரு மணப்பெண்ணைக் கண்டால் அங்கே நிற்கிறார். படங்கள் வரிசையாக அடுக்கி நிற்கும் அந்தப் பக்கத்தின் பலம் வேறு எங்கும் இல்லை. ஆகவே இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் டிக்டொக் வீடியோ எப்படி ஓடினாலும் இன்ஸ்டகிராம் பக்கத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் படத்தைப் போடுமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்ட ஒரு படத்தால் ஒரு குடும்பத்தையே இழக்கலாம்.

மிளகாய்த்தூளுக்கு இன்ஸ்டகிராம் பெரிதாக உதவாது. டிக்டொக்குக்கு எடுத்த அதே வீடியோவை ரீல்ஸாகவும் போட்டுவிடலாம், அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம். படத்தின் கீழ் எழுதும் இணைப்பு அங்கே வேலை செய்யாது. அதை முகப்பில் உள்ள அறிமுகக் குறிப்பில்தான் போட வேண்டும், அது தெரியாமல் பலர் ஒவ்வொரு பதிவிலும் இணைப்பை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

யூடியூப் நல்லதுதான், ஆனால் மெதுவானது. நண்டுக்கறி எப்படி வைப்பது என்று அந்தத் தூளால் சமைத்துக் காட்டிய வீடியோ, தேடலில் வருடக்கணக்கில் நின்று ஆட்களைக் கொண்டுவரும். பேசவும் வெட்டி ஒட்டவும் உண்மையாகவே பிடித்தவர்கள் செய்யட்டும்.

விற்பனை நடக்கும் இடம்

எங்கே பார்த்தாலும் நம் ஆட்கள் வாங்குவது வட்ஸ்அப்பில். இதைப் போட்டியில் நிற்கும் நாலாவது ஆளாக வைப்பதே சரியில்லை, மற்ற மூன்றுக்கும் முன் இதைத் தயார் செய்ய வேண்டும். 2018இல் வெளிவந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசம். வியாபாரத்துக்குத் தனி எண் ஒன்று எடுத்து, அதில் பொருட்பட்டியலை விலையோடு போட்டுவிடுங்கள்.

விலையை மறைக்கும் பழக்கத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 'விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்' என்று எழுதுகிறார்கள். கேட்க வெட்கப்படுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். கேட்டுவிட்டு வாங்காமல் போவது மரியாதையில்லை என்று நினைத்து, கேட்காமலே போய்விடுவார்கள். விலையைப் போடுங்கள்.

இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அக்கா, அரைக் கிலோ என்ன விலை? தெஹிவளைக்கு அனுப்புவீங்களா?" இந்தக் கேள்வி ஒரு நாளில் எத்தனை தடவை வந்தாலும் பதில் ஒன்றுதான். அதை ஒருமுறை எழுதி விரைவுப் பதிலாகச் சேமித்துவிட்டால், சாய்கோடு ஒன்றைத் தட்டி எடுத்த எடுப்பில் அனுப்பலாம்: "வணக்கம். அரைக் கிலோ இந்த விலை. தெஹிவளைக்கு நாளை பகல் ஓட்டோவில் அனுப்பலாம், கூலி தனி. காசைக் கையில் கொடுக்கலாம், வங்கிக்கும் போடலாம். காரம் கூடவா, நடுத்தரமா?" கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். அது வாங்குகிறவரைப் பதில் சொல்ல வைக்கிறது. பதில் சொன்னவர் பெரும்பாலும் வாங்குவார். காலையில் அனுப்பலாம் என்று விட்டிருந்தால் அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் கொடுக்கும் விளம்பரத்தை நேரே வட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும்படி வைக்கலாம். அதையே செய்யுங்கள். வட்ஸ்அப்பில் பலருக்கு ஒரே தடவையில் அனுப்பும் புரோட்காஸ்ட் செய்தி ஒரு பட்டியலில் 256 பேர் வரை போகும், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான். ஆகவே முதல் ஓடரிலேயே "என் நம்பரை சேவ் பண்ணிவிடுங்கோ, தீபாவளிக்குப் பலகாரம் போடும்போது சொல்றேன்" என்று கேளுங்கள். கேட்காமல் ஆட்களை குரூப்பில் சேர்த்தால் ரிப்போர்ட் பண்ணிவிடுவார்கள், எண்ணே முடங்கிப் போகலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி, நம் நேரத்துக்கு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன, திரும்ப இயங்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுத்தது. நாட்டிலும் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட நாட்கள் உண்டு. ஆகவே வாங்கியவர்களின் பெயரும் எண்ணும் ஒரு கொப்பியிலும் இருக்கட்டும், எஸ்எம்எஸ் அனுப்பவாவது உதவும். பேஜைத் திறந்து தந்த பெடியனின் கணக்கில் மட்டும் பேஜ் இருக்கக்கூடாது. நீங்களும் அதில் நிர்வாகியாக இருக்க வேண்டும். பதிப்புரிமையை மீறியதால் பேஜ் அழிக்கப்படும் என்று மிரட்டி வரும் செய்திகளில் உள்ள இணைப்பைத் தொடவே வேண்டாம், அவை கணக்கைப் பறிக்க வருபவை.

அப்படியானால் அந்த அக்கா என்ன செய்வார்? இந்த மாதம் வட்ஸ்அப்பை ஒழுங்குபடுத்திவிட்டு, கிழமைக்கு இரண்டு வீடியோ டிக்டொக்கில் போடுவார். விளம்பரக் காசை இப்போது தொடாமல் தீபாவளிக்கு நாலு கிழமை இருக்கும்போது பேஸ்புக்கில் போடுவார், தூளுக்கு அல்ல, வெள்ளவத்தையைச் சுற்றி மட்டும் விற்கக்கூடிய முறுக்குக்கும் பயற்றம் உருண்டைக்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு, வட்ஸ்அப்பில் உள்ள நிற அடையாளங்களில் டிக்டொக்குக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு ஒன்று, தெரிந்தவர் சொல்லி வந்தவருக்கு ஒன்று என்று குறித்து வைப்பார். தீபாவளி முடிந்ததும் எந்த நிறத்தில் காசு வந்தது என்று எண்ணிப் பார்த்து, தைப்பொங்கலுக்கு எங்கே போடுவது என்று முடிவெடுப்பார்.