பஃபேயா, மெனு கார்டா, செஃப் கையில் விட்டுவிடுவதா?

"நல்ல ஹோட்டலா ஒண்ணு சொல்லு" என்று கேட்பவர்களிடம், எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். எடுத்துப் போட்டுச் சாப்பிடும் பஃபேயா, மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்வதா, செஃப் தருவதை வரிசையாகச் சாப்பிடும் டேஸ்டிங் மெனுவா? ஒரே சமையலறை இந்த மூன்றையும் தந்தாலும் மூன்றும் வேறு வேறு சாப்பாடுதான். அடுப்பை விட்டு இறங்கிய பண்டம் வாய்க்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் பாதி ருசி இருக்கிறது.

பஃபேயில் அந்த நேரம்தான் வில்லன். மூடியைத் தூக்கிப் பாருங்கள். உட்புறம் கோத்திருக்கும் நீர் சரிந்து, பொரித்த துண்டுகள் மேலேயே சொட்டும். கடை திறந்தபோது மொறுமொறுவென்று இருந்தது, கூட்டம் வரும் நேரத்துக்கு நமத்துப்போயிருக்கும். நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளும், முட்டை ரப்பராகும். ஆனால் குழம்பும், மெதுவாக வெந்த இறைச்சியும் இதில் தப்பித்துவிடும். சில குழம்புகள் ஊற ஊற நன்றாகவே இருக்கும். அதனால் என் தட்டில் முதலில் விழுவது குழம்பு வகைதான். பொரித்தது வேண்டுமென்றால் எதிரிலேயே போட்டுத் தரும் லைவ் கவுண்டரில் நிற்பேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

இன்னொன்று சூடு. சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கையில் தெர்மாமீட்டரோடு யாரும் சாப்பிடப் போவதில்லை, சரி. மூடியைத் திறந்ததும் ஆவி வருகிறதா, பாத்திரத்துக்கு அடியில் பர்னர் எரிகிறதா என்று பார்க்கலாம் அல்லவா? பாதி காலியான தட்டின் மேலேயே புதியதைக் கொட்டிக் கலக்கும் இடத்தில் எனக்குப் பசி போய்விடும்.

பஃபே வரிசையை யோசித்துத்தான் வைக்கிறார்கள். சூப், சாலட், ரொட்டி, சோறு என்று விலை குறைந்தவை பெரும்பாலும் முன்னால் இருக்கும். விலை கூடியதற்கு முன்னால் ஒரு ஆள் நின்று துண்டு துண்டாக எடுத்து வைப்பார். அங்கே போய்ச் சேரும்போது தட்டில் இடம் இருக்காது. எனவே வெறுங்கையோடு ஒரு சுற்று முழுவதும் பார்த்துவிட்டுத் தட்டை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். 1940களில் லாஸ் வேகஸில் எல் ராஞ்சோ வேகஸ் என்ற சூதாட்ட விடுதி மலிவு விலையில் பஃபே போட்டதே, வந்தவர்கள் பசிக்காக வெளியே போய்விடக் கூடாது என்றுதான். வயிறு நிறைவது அவர்கள் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. "கொடுத்த காசுக்குச் சாப்பிட்டுத் தீர்க்கிறேன்" என்று இறங்குபவர் அந்தக் கணக்கைக் கலைக்கப் போவதில்லை, தன் வயிற்றைத்தான் கலைப்பார்.

மெனு கார்டு இதற்கு நேர் எதிர். நீங்கள் சொன்ன பிறகுதான் அடுப்பு எரிகிறது. குறைந்தபட்சம் அப்படி நம்புகிறோம். பக்கம் பக்கமாக அயிட்டம் போட்டிருக்கும் கடையில் அத்தனைக்கும் தனித்தனியாகச் சமைக்க ஆள் கிடையாது. நாலைந்து அடிப்படை கிரேவியும் ஒரு ஃப்ரீசரும்தான் அந்தப் பட்டியலைத் தாங்குகின்றன. அதனால்தான் வேறு வேறு பெயரில் வாங்கிய மூன்று கிண்ணத்திலும் ஒரே வாசனை. இது ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு நீளமான பட்டியலை வேறு வழியில் நடத்த முடியாது. ஆனால் ஒரே பக்கத்தில் அடங்கும் மெனு இருந்தால் சரக்கு வேகமாகத் தீரும், செஃபின் கையும் பழகியிருக்கும். எனக்கு எப்போதும் அந்தக் கடைதான்.

சர்வரிடம் "எது நல்லா இருக்கும்?" என்று கேட்டால் "எல்லாமே நல்லா இருக்கும் சார்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு எது அதிகமா போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அதை வாங்குங்கள்.

மெனு கார்டின் உண்மையான தொல்லை கூட்டமாகப் போகும்போதுதான் தெரியும். ஒருவருக்கு வந்துவிடும், மற்றவர்களுக்கு வராது. "ஆறிடும், நீ ஆரம்பி" என்பார்கள். அவரோ மரியாதைக்காகக் கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2020க்குப் பிறகு பரவலாகிவிட்ட க்யூஆர் மெனு வேறு. கார்டு இருந்தபோது நாலு தலை சேர்ந்து குனிந்து பேசி முடிவெடுக்கும். இப்போது ஆளுக்கொரு போன்.

மூன்றாவது வழியில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. செஃப் கொடுப்பதுதான் சாப்பாடு. கேட்கப் புதுமையாக இருக்கும், உண்மையில் இதுதான் பழைய முறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸில் தனி மேசையும் விலைப்பட்டியலும் கொண்ட உணவகங்கள் வருமுன், ஐரோப்பியச் சத்திரங்களில் குறித்த நேரத்தில் பொது மேசையில் வைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது 19ஆம் நூற்றாண்டில் அங்கே பரவியது.

ருசி என்று மட்டும் பார்த்தால் டேஸ்டிங் மெனுவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. தட்டு தயாரான நொடியிலேயே மேசைக்கு வருகிறது. ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன்மேல் ஆசை குறையும், புது ருசி வந்தால் மறுபடி கிளம்பும். இதை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பஃபேயில் நம்மை அளவு மீறிச் சாப்பிட வைக்கும் அதே குணத்தை இங்கே இரண்டு இரண்டு வாயாகப் பிரித்து அழகாகப் பயன்படுத்துகிறார்கள். குறை என்றால் நேரம்தான்: இரண்டு, மூன்று மணி நேரம் சாதாரணம். ஒவ்வொரு தட்டுக்கும் விளக்கவுரை வேறு. சூடாக வந்த பண்டம் அந்த உரை முடிவதற்குள் ஆறிக்கொண்டிருக்கும், நாம் தலையாட்டிக்கொண்டிருப்போம். அப்புறம், சிறந்த உணவகங்களுக்கு மிஷ்லின் உணவகக் கையேடு தரும் நட்சத்திரம், தட்டில் இருப்பதற்கு மட்டுமே தரப்படுவது. நாற்காலிக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் அதில் பங்கில்லை. அலங்காரத்தைப் பார்த்து அசந்து போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகள், ஒவ்வாமை உள்ளவர்கள், காரம் ஆகாத பெரியவர்கள் கூட வந்தால் மெனு கார்டைத் தவிர வேறு பேச்சே வேண்டாம். அலுவலகக் கூட்டம் என்றால் நானே பஃபேக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ருசிக்காக இல்லை. எல்லோருக்கும் ஒரே விலை என்பதால், சூப் மட்டும் குடித்தவரும் மூன்று அயிட்டம் வாங்கியவரும் பில்லைச் சமமாகப் பிரிக்கும் அந்தச் சங்கடம் அங்கே கிடையாது.