கரட் ஜி25-660: நுவரெலியா உயரத்தில் இந்த டர்போ எவ்வளவு பெரியது?

டர்போ என்பது என்ஜின் விடும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாமான். கரட் (Garrett) நிறுவனத்தின் ஜி25-660 டர்போவின் பெயரிலேயே 660 குதிரைவலு இருக்கிறது. அந்த எண் கொழும்புக் காற்றுக்குப் பொருந்தும், நுவரெலியாக் காற்றுக்குப் பொருந்தாது. நுவரெலியாவின் மாகாஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்துக்கு மிட்சுபிஷி லான்சர் ஈவோ கார் தயார்செய்கிறவர்கள் டர்போவுக்குக் காசு கட்டுமுன் இதைக் கணக்குப்போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் சாமானைப் பார்ப்போம். காற்றை இழுக்கும் சில்லு (கம்ப்ரெசர்) வாசலில் 54 மில்லிமீற்றர், வெளி விளிம்பில் 67. புகைப்பக்கச் சில்லு (டர்பைன்) 54, வெளியேறும் இடத்தில் 49. இரட்டை போல் பெயாரிங், தண்ணீர்க் குளிரூட்டல், 1055 பாகை செல்சியஸ் வரை தாங்கும் மார்-எம் கலவையில் செய்த டர்பைன். டர்பைன் கூட்டின் புகைவழி எவ்வளவு பெரியது என்று சொல்லும் ஏ/ஆர் அளவுகள் மூன்று: 0.49, 0.72, 0.92. கம்ப்ரெசர் கூட்டில் வேக சென்சருக்கான இடமும் விடப்பட்டிருக்கிறது. மலைநாட்டில் இந்த டர்போவின் மிகப் பெறுமதியான அம்சம் இந்தச் சின்ன இடம்தான். காரணம் பின்னால் வரும்.

ஈவோவின் 4ஜி63 என்ஜின், 1997 சிசி. இலக்கு 450 குதிரைவலு, 7,400 ஆர்.பி.எம். காற்று-எரிபொருள் விகிதம் 11.8, ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு 0.52 இறாத்தல் எரிபொருள் என்று வைத்தால், 450ஐ 11.8ஆலும் 0.52ஆலும் பெருக்கி 60ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 46 இறாத்தல் காற்று வேண்டும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின் காற்று 60 பாகை செல்சியஸ், நிரப்புத்திறன் (சிலிண்டர் கொள்ளளவில் காற்று நிரம்பும் பங்கு) 98 வீதம் என்று கொண்டால், அந்தக் காற்றை இந்த என்ஜினுக்குள் தள்ள மனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயில்) ஏறத்தாழ 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) முழு அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த அழுத்தம், தேவை. குழாயிலும் இன்டர்கூலரிலும் போகும் 2ஐயும் சேர்த்தால் கம்ப்ரெசர் 42 கொடுக்க வேண்டும்.

இதுவரை போட்ட கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வெளிக்காற்று உள்ளே வரும்போதுதான் ஊர் வித்தியாசம் வருகிறது. கொழும்பில் அது 14.7 பி.எஸ்.ஐ. ஃபில்டரில் அரை போனால் 14.2. ஆகவே கம்ப்ரெசர் கொடுப்பதற்கும் அதற்குள் வருவதற்கும் உள்ள அழுத்த விகிதம் சுமார் 2.95. கம்ப்ரெசர் எந்த விகிதத்தில் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று காட்டும் கரட் வரைபடம் 13.95 பி.எஸ்.ஐ., 85 பாகை பரனைட் நிலைக்குத் திருத்தி வரையப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு 46 இறாத்தல் சுமார் 45 ஆகிறது. வரைபடத்தின் நடுப்பாகம், டர்போவுக்குச் சிரமமே இல்லை.

நுவரெலியா 1,868 மீற்றர். வெளிக்காற்று சுமார் 11.7, ஃபில்டருக்குப் பின் 11.2. அதே 42ஐக் கேட்டால் விகிதம் 3.74 ஆகிவிடுகிறது. 15 பாகைக் குளிர் கொஞ்சம் கைகொடுத்தாலும், திருத்திய காற்றளவு 56 இறாத்தலுக்கு ஏறுகிறது. என்ஜினுக்குள் போகும் காற்று ஒரு இறாத்தல்கூடக் கூடவில்லை. ஆனால் டர்போவைப் பொறுத்தவரை இது கடல் மட்டத்தில் 550 குதிரைவலுவுக்கு மேல் எடுக்கும் வேலை. 48 மில்லிமீற்றர் வாசலுள்ள ஜி25-550க்கு இங்கே இடமில்லை. 660 தாங்கும், ஆனால் வரைபடத்தின் வலப்பக்க மேல் மூலையில், தண்டு வேகம் எல்லையை நெருங்கும் இடத்தில் நிற்கும்.

பெரிய ஆபத்து ட்யூனிங்கில்தான் ஒளிந்திருக்கிறது. கொழும்பில் வலு அளக்கும் டைனோவில் போட்டு 25 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம்) வைத்துக் காரை மேலே கொண்டுவருகிறார்கள் என்று வைப்போம். மிச்சப் புகையை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் வெளிக்காற்றுக்கு எதிராகத்தான் அழுத்தத்தை அளக்கும். ஆகவே மேலே மீற்றர் அதே 25ஐக் காட்டும். முழு அழுத்தமோ 40இலிருந்து 37க்கு இறங்கியிருக்கும். வலு 7, 8 வீதம் குறைவு, ஆனால் டர்போ பத்திரம். என்ஜின் கணினியான ஈ.சி.யு. முழு அழுத்தத்தைப் பார்த்து பூஸ்ட் கட்டுப்படுத்தும்படி வைத்திருந்தால் நிலைமை தலைகீழ். 40 வரும்வரை அது வேஸ்ட்கேட்டை மூடிப் பிடிக்கும், டர்போ 3.74க்கு ஓடும். மேல் ஆர்.பி.எம்.இல் பூஸ்ட் தானாகச் சரிவது, உள்வரும் காற்றின் சூடு திடீரென்று ஏறுவது, மிதிக்க மிதிக்க வலு கூடாமல் நிற்பது, இவை தண்டு வேகம் எல்லையைக் கடந்துவிட்டதற்கான அறிகுறிகள். அதன் பிறகும் மிதித்தால் சில்லும் பெயாரிங்கும்தான் விலை கொடுக்கும். வேக சென்சரைப் போட்டு, கரட் வரைபடத்தின் உச்ச வேகக் கோட்டை ஈ.சி.யு.வில் எல்லையாகக் கொடுங்கள். பூஸ்ட் மீற்றரை மட்டும் நம்பி மலையில் ஓட்டக் கூடாது.

அப்படியானால் ஜி30-770 வாங்கலாமா? வாசல் 58 மில்லிமீற்றர், காற்று தாராளம். ஆனால் டர்பைன் 60க்கு 55. மெல்லிய காற்றில் பூஸ்ட் பிடிக்குமுன் என்ஜின் விடும் புகையும் குறைவு, அந்தப் பெரிய சில்லு எழும்ப நேரம் எடுக்கும். கொண்டை ஊசி வளைவில் செக்கன்ட் கியரில் 3,500இலிருந்து எழும்ப வேண்டிய காருக்கு அது தோல்வி. மலையேற்றத்தில் வளைவை விட்டு வெளியே வரும் அந்த ஒன்றிரண்டு செக்கன்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். ஆகவே என் தேர்வு ஜி25-660தான், ஏ/ஆர் 0.72, இலக்கை 400க்கு இறக்கி. அப்போது நுவரெலியாவில் விகிதம் 3.35, திருத்திய காற்று 50 இறாத்தல். டர்போ மூச்சுவிட்டு ஓடும். 0.49 இரண்டு லீற்றருக்கு மேல்பக்கம் அடைக்கும். 0.92 நீண்ட நேர்பாதைக்கு நல்லது, இங்கே அப்படிப் பாதை ஏது? கண்டியில், 500 மீற்றரில் ஓடும் காருக்கு 450 வைத்தாலும் பயமில்லை.

பம்பில் வாங்கும் 95 ஒக்டேனில் 25 பி.எஸ்.ஐ. கேட்காதீர்கள். நொக் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) பிஸ்டனைத் தின்றுவிடும். இந்தக் கணக்கு ரேஸ் எரிபொருளுக்கு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியதில் முதலாவது ஒயில் திரும்பும் குழாய். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையாமல், நேர் கீழ்நோக்கிலிருந்து 35 பாகைக்கு மேல் சாயாமல் இறங்க வேண்டும். ஈவோவில் டர்போ என்ஜினின் முன்பக்கம். இறக்கத்தில் என்ஜினின் அடித்தொட்டியான சம்பிலுள்ள ஒயிலும் முன்னுக்கு வந்து சேரும். குழாய் சம்பில் தாழ்வாக இறங்கியிருந்தால் அதன் வாய் மூழ்கி, ஒயில் டர்போவுக்குள் தேங்கி சீல் வழியே கசியும். ரதல்லப் பக்கச் சரிவில் கியரில் இறங்கி, கீழே திரும்ப மிதிக்கும்போது நீலப் புகை தள்ளினால் சீலைக் குறைசொல்லுமுன் இந்தக் குழாயைப் பாருங்கள். பெயாரிங் வாசலில் ஒயில் அழுத்தம் உச்ச ஆர்.பி.எம்.இல் 40-45 பி.எஸ்.ஐ. போதும்.

தண்ணீர்க் குழாய் டர்போவிலிருந்து மேல்நோக்கியே போகட்டும், இடையில் வளைந்து இறங்கக் கூடாது. என்ஜினை நிறுத்திய பின் சூடு தானாக ஏறி வெளியேற அதுதான் வழி. மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேற்றர் மூடி பழசானால் புதியது போடுங்கள்.

காகித ஃபில்டரும் இங்கே சரிவராது. மூடுபனியில் நனைந்தால் இழுவை கூடும். ஃபில்டரில் அரைக்குப் பதில் ஒரு பி.எஸ்.ஐ. போனால், 450 இலக்கில் அந்த 3.74 விகிதம் 3.9ஐத் தாண்டிவிடும்.